தலைமை பற்றிக் கற்க ஆசையா? ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்

சிலர் தபால்தலை சேர்ப்பார்கள், சிலர் நாணயம். நான் சேர்ப்பது முடிவுகளை. யார், எந்த நேரத்தில், கையில் என்ன தகவலை வைத்துக்கொண்டு, என்ன முடிவெடுத்தார் என்று எழுதி வைப்பேன். இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. வேலைக்குத் தேவைப்படுகிறதே என்று தொடங்கியதுதான்; எப்போது அது ஆசையாக மாறியது என்று நினைவில்லை.

“தலைமை பற்றிப் படிக்க வேண்டும், எங்கிருந்து ஆரம்பிப்பது?” என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு விஷயம். பதவிக்கு வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பதவி வந்ததும் நேரம் இருக்காது. போதாததற்கு, முகத்துக்கு நேரே உண்மை பேசுபவர்களும் குறைந்துவிடுவார்கள். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் வேடிக்கை பார்க்கக் கிடைக்கும் காலம்தான் இதற்கு நல்ல காலம்.

முதலில் ஒரு கேள்வி

“தலைமைப் பண்பு” என்பது மிகப் பெரிய தலைப்பு. அதை மொத்தமாகப் பிடிக்கப் போனால் பொன்மொழிகள்தான் கையில் மிஞ்சும். உங்களை உறுத்தும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டங்களில் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை? அந்த அக்கா சொன்னால் செய்கிறவர்கள், அதையே மேனேஜர் சொன்னால் ஏன் இழுத்தடிக்கிறார்கள்? நான் ஏன் ஒரு வேலையை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுத் தூங்க முடியாமல் தவிக்கிறேன்? இந்த அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும் கேள்வி.

கேள்வியை யோசிக்கும்போதே ஒரு பிரிவினையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரம் வேறு, தலைமை வேறு. ஜெர்மானிய சமூகவியலாளர் மாக்ஸ் வேபர், மக்கள் ஏன் ஒருவருக்குக் கீழ்ப்படிகிறார்கள் என்பதற்கு மூன்று காரணங்கள் சொன்னார்: காலங்காலமாக அப்படித்தான் என்ற வழக்கம், அந்த மனிதரின் மேல் உள்ள ஈர்ப்பு, சட்டமும் விதியும் கொடுத்த பதவி. நூறு வருடத்துக்கு முந்தைய பிரிவு. ஆனால் உங்கள் அலுவலகத்தையே இதை வைத்து ஒரு முறை பாருங்கள். யார் பேச்சு எதனால் எடுபடுகிறது என்பது பளிச்சென்று தெரியும்.

நோட்டில் என்ன எழுதுவது

போனில் எழுதினாலும் சரிதான். எனக்குக் காகிதம்தான் ஒத்துவருகிறது, ஏனென்றால் அதில் எழுதியதைப் பிறகு நைசாக மாற்ற முடியாது.

ஒவ்வொரு பதிவுக்கும் நான்கு வரி போதும். என்ன நிலைமை, முடிவெடுப்பவருக்கு அந்த நேரத்தில் தெரிந்ததும் தெரியாததும் என்ன, என்ன செய்தார், நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன். கீழே கொஞ்சம் இடம் விட்டுவிடுங்கள். விளைவு தெரிந்த பிறகு, வேறு நிறப் பேனாவில், தேதியோடு எழுதுவதற்கு.

நான்காவது வரியை விளைவு தெரிவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். இதுதான் முழு விஷயமுமே. முடிவு தெரிந்த பிறகு எல்லாருமே புத்திசாலிகள். “எனக்கு அப்பவே தெரியும்” என்று மனது கூசாமல் பொய் சொல்லும். நோட்டு அந்தப் பொய்யைப் பிடித்துக் கொடுத்துவிடும்.

தொடங்கும்போது பெரிய முடிவுகளைத் தேட வேண்டாம். அடுத்த கூட்டத்தில் சும்மா கவனியுங்கள். முதலில் பேசுவது யார்? ஒருவர் கருத்துச் சொல்வதற்கு முன் யார் முகத்தைப் பார்க்கிறார்? பாதியில் நிறுத்தப்பட்டவர் அதன்பிறகு மறுபடி பேசினாரா? கடைசிக் கேள்வியை நான் ஒரு மாதம் கணக்கெடுத்தேன். பெரும்பாலும் பேசவில்லை. நிறுத்தியது யார் என்று பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால், பல இடங்களில் நான்!

ஒரு வாழ்க்கையைப் பாதியில் நிறுத்திப் படியுங்கள்

தலைவர்களின் வாழ்க்கை வரலாறு படிக்காதவர்கள் இல்லை. படிக்கும் விதத்தில்தான் கோளாறு. கதை போல வேகமாகப் படித்து, கடைசியில் “எப்பேர்ப்பட்ட மனுஷன்!” என்று மூடி வைக்கிறோம். முடிவெடுக்கும் இடம் வரும்போது பக்கத்தைத் திருப்பாமல் நிறுத்தி, நோட்டை எடுங்கள்.

ஒன்றைச் செய்து காட்டுகிறேன். எர்னெஸ்ட் ஷாக்கிள்டன் 1914இல் அண்டார்டிகாவைக் குறுக்காகக் கடக்கக் கிளம்பினார். அவருடைய ‘எண்டூரன்ஸ்’ கப்பல் பனியில் சிக்கி, நொறுங்கி, 1915 நவம்பரில் மூழ்கியது. 28 பேர் பனிப்பாறைகள் மேல் மாதக்கணக்கில் வாழ்ந்து, மூன்று சிறு படகுகளில் 1916 ஏப்ரலில் யானைத் தீவு என்ற ஆளில்லாத இடத்தில் ஒதுங்கினார்கள். அந்தப் பக்கம் எந்தக் கப்பலும் வராது. உதவி வேண்டுமானால், ஒரு படகில் சிலர் சுமார் 1,300 கிலோமீட்டர் கடல் தாண்டி தெற்கு ஜார்ஜியா தீவுக்குப் போக வேண்டும். படகில் 6 பேர். கரையில் 22 பேர்.

இங்கே நிறுத்துங்கள். நீங்கள்தான் ஷாக்கிள்டன். யாரைக் கூட்டிக்கொண்டு போவீர்கள்? கரையில் யாரைப் பொறுப்பாக விடுவீர்கள்?

நான் முதல் முறை எழுதியது: பலசாலிகள், சொன்ன பேச்சு கேட்பவர்கள், சண்டை போடாதவர்கள். ஷாக்கிள்டன் செய்தது வேறு. திசை பார்ப்பதில் கெட்டிக்காரரான வோர்ஸ்லியை எடுத்தார், அது யாரும் ஊகிக்கக் கூடியது. கூடவே மக்னிஷ் என்ற தச்சரையும் வின்சென்ட் என்ற மாலுமியையும் எடுத்தார். மக்னிஷ் நாலு மாதத்துக்கு முன்புதான் பனிமேல் நடக்கும்போது உத்தரவுக்குக் கட்டுப்பட மறுத்தவர். வின்சென்ட் மற்றவர்களோடு ஒத்துப்போகாதவர். கரையில் தன்னுடைய மிக நம்பிக்கையான ஆள் ஃபிராங்க் வைல்டை விட்டுவிட்டுப் போனார். தச்சர் கைத்திறன் படகுக்குத் தேவை என்பது ஒரு காரணம். இன்னொன்று, காத்துக் கிடக்கும் 22 பேருக்கு நடுவில் கசப்பைப் பரப்பக்கூடியவர்களை விட்டுவிட்டுப் போகக் கூடாது. கஷ்டமான ஆளைத் தூர வைக்கத்தான் நமக்குத் தோன்றும். அவர் பக்கத்தில் வைத்துக்கொண்டார். 1916 ஆகஸ்ட் 30 அன்று, நான்காவது முயற்சியில், 22 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

இதோடு நிறுத்தினால் நீங்கள் ரசிகர், மாணவர் இல்லை. அதே பயணத்துக்காகக் கண்டத்தின் மறுபக்கத்தில், ராஸ் கடல் ஓரமாக, இன்னொரு குழு உணவுக் கிடங்குகள் வைத்துக்கொண்டிருந்தது. அதில் 3 பேர் இறந்துபோனார்கள். “ஒருவரைக்கூட இழக்காத தலைவர்” என்ற பேச்சில் அந்த மூவரும் காணாமல் போய்விடுகிறார்கள். அப்புறம், அந்தத் தச்சர். படகின் பக்கங்களை உயர்த்தி, மேலே கான்வாஸ் அடித்து, அந்தக் கடலைத் தாண்டும்படி செய்தவரே அவர்தான். திரும்பி வந்த பிறகு துருவப் பதக்கம் மறுக்கப்பட்ட நால்வரில் அவரும் ஒருவர். அந்த முடிவை என் நோட்டில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். இன்றுவரை எனக்கு அது செரிக்கவில்லை.

ஆகவே ஒரே மனிதரைப் பற்றி இரண்டு நூல்களாவது படியுங்கள். ஒன்று அவரை வியந்து எழுதியது, இன்னொன்று வியக்காதது. தன் கையால் எழுதிய சுயசரிதை என்றால் இது கட்டாயம். பத்துப் பேரை மேலோட்டமாகத் தெரிந்துகொள்வதைவிட இருவரை இப்படித் துருவிப் படிப்பது அதிகம் தரும்.

விபத்து அறிக்கைகள் என்னும் புதையல்

யாருமே பரிந்துரைக்காத, ஆனால் நான் அதிகம் கற்ற இடம் இது. வெற்றிக் கதைகள் சொல்லிச் சொல்லி மெருகேறியவை. விபத்து விசாரணை அறிக்கையில் அந்த மெருகு கிடையாது. யார் எந்த நொடியில் என்ன சொன்னார் என்று அப்படியே இருக்கும்.

1977 மார்ச் 27, ஸ்பெயினைச் சேர்ந்த டெனரிஃப் தீவின் விமான நிலையம். மூடுபனி. ஓடுபாதையில் இரண்டு போயிங் 747. ஒன்று புறப்பட நிற்கிறது. இன்னொன்று அதே பாதையில் எதிரே மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. புறப்பட நின்ற விமானத்தின் கேப்டன், மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுக்கும் மூத்தவர். அவர் எஞ்சின் வேகத்தைக் கூட்டியபோது துணை விமானி “இன்னும் அனுமதி வரவில்லை” என்று தடுத்தார். “தெரியும், அனுமதியைக் கேட்டு வாங்கு” என்றார் கேப்டன். சில நொடிகள் கழித்து, புறப்பட அனுமதி வராமலேயே கேப்டன் மறுபடி கிளம்பினார். இந்த முறை துணை விமானி தடுக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த விமானப் பொறியாளர் மட்டும், எதிரே வந்த விமானம் பாதையை விட்டு இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வந்தது. அவர் மேலே பேசவில்லை. 583 பேர் இறந்தார்கள்.

அந்த அறையில் கெட்டவர் யாரும் இல்லை. கேப்டன் திட்டவும் இல்லை. ஒரு முறை தடுத்தவருக்கு இரண்டாவது முறை தடுக்க நா எழவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் விமானக் குழுவில் இளையவர் தயங்காமல் பேசவும், மூத்தவர் காது கொடுக்கவும் தனியாகப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். இதைப் படித்த பிறகு, கூட்டங்களில் “யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?” என்று கேட்பதையே நான் விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு மௌனம்தான் பதில். “இந்தத் திட்டம் ஊத்திக்கிச்சுன்னா எதனால ஊத்திக்கும், ஆளுக்கொன்னு சொல்லுங்க” என்று கேட்டால் பேசுகிறார்கள்.

1986 ஜனவரி 28இல் 7 பேரோடு வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்கலத்தின் விசாரணை அறிக்கையையும் இப்படியே படிக்கலாம். முந்தின இரவு, குளிர் அதிகம், ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். அந்தப் பேச்சு நிர்வாகிகள் கையில் எப்படித் தலைகீழானது என்பது அதில் இருக்கிறது. அறிக்கை பொதுவில் கிடைக்கிறது. தொழில்நுட்பப் பகுதி புரியாவிட்டால் தாண்டிப் போங்கள். முடிவெடுத்த விதம் பற்றிய பகுதியை மட்டும் படித்தால் போதும்.

கோட்பாடு: கொஞ்சம் போதும்

கோட்பாடுகளை முதலிலேயே படித்தால் வெறும் பட்டியலாக மண்டையில் ஏறும். ஆறு மாதம் நோட்டு எழுதிய பிறகு படித்தால், “அட, இது நான் பார்த்தது!” என்று தோன்றும். பாடப்புத்தகப் பெயர்கள் எல்லாம் வேண்டாம். எனக்கு உதவிய இரண்டை மட்டும் சொல்கிறேன்.

1939இல் உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாக்கிக் கைவேலை செய்ய விட்டார்கள். ஒரு வகைத் தலைவர் எல்லாவற்றையும் தானே கட்டளையிட்டார். இன்னொருவர் பசங்களோடு கலந்து பேசி முடிவெடுத்தார். மூன்றாமவர் கண்டுகொள்ளவே இல்லை. எனக்குப் பிடித்தது, தலைவர் அறையை விட்டு வெளியே போனபோது நடந்தது. கட்டளையிடும் தலைவரின் குழுவில் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசியவரின் குழுவில் பெரும்பாலும் தொடர்ந்தது.

நான் முதல் முறையாக ஐந்து பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பேற்றபோது, அவர்கள் எழுதிய அறிக்கைகளை எல்லாம் இரவு உட்கார்ந்து நானே திருத்தி எழுதுவேன். உழைப்பு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். மூன்றாவது மாதம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர் ஒருவர், “நீங்க எப்படியும் திருத்திடுவீங்கன்னு தெரியும் சார், அதனால நான் இப்பல்லாம் ரெண்டாவது தடவை படிச்சுப் பார்க்கிறதே இல்ல” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அறையை விட்டு வெளியே போகாமலே வேலை படுத்திருந்தது.

இரண்டாவது, நிர்வாகவியல் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களிடம் செய்த ஆய்வு. நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, அதிகம் வெளியே சொன்னார்கள் என்பது அவர் கண்ட விளக்கம். “எங்க டீம்ல பிரச்சினையே இல்ல” என்று யாராவது பெருமைப்பட்டால் எனக்கு இப்போதெல்லாம் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

தமிழில் படிக்க வேண்டுமென்றால் குறளின் பொருட்பால் இருக்கிறது. அதன் தொடக்கத்தில் 25 அதிகாரங்கள் அரசியலைப் பற்றியவை. பள்ளியில் மனப்பாடம் செய்ததை மறந்துவிட்டு, தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்ற இரண்டை (51, 52) மட்டும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஆளை ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பிறகு சந்தேகப்படுவதும், இரண்டுமே தீராத தொல்லை என்கிறார். நான் இரவில் திருத்திய அறிக்கைகள் இதில் இரண்டாவது வகை.

யாருக்கும் வேண்டாத வேலையை எடுங்கள்

படிப்பு இங்கே வரை. நீந்தக் கற்க நீரில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் ஆழத்தில் குதிக்க வேண்டாம். சின்னப் பொறுப்பு, தெளிவான முடிவுத் தேதி, மூன்று நான்கு பேர்: அப்படி ஒன்றைத் தேடுங்கள். ஒரு விழா ஏற்பாடு, நூலகத்துக்குப் புத்தகம் சேர்ப்பது, புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்கு வழிகாட்டுவது. பெருமை கிடைக்காத வேலை என்றால் இன்னும் நல்லது. பதவிக்காக அல்லாமல், உங்களுக்காக மட்டும் மற்றவர்கள் வருகிறார்களா என்பது அங்கேதான் தெரியும்.

தொடங்கும்போது மூன்று பழக்கங்களை மட்டும் முயன்று பாருங்கள். கூட்டத்தில் உங்கள் கருத்தைக் கடைசியாகச் சொல்லுங்கள். வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது, என்ன முடிய வேண்டும், எப்போது முடிய வேண்டும், எந்த இடத்தில் என்னிடம் கேட்க வேண்டும் என்ற மூன்றையும் சொல்லிவிட்டு, எப்படிச் செய்வது என்பதை அவரிடமே விடுங்கள். வேலை முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து கால் மணி நேரம் பேசுங்கள்: என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் அப்படி ஆனது, அடுத்த முறை என்ன மாற்றுவோம். இந்த நான்கு கேள்வி முறை 1970களில் அமெரிக்க ராணுவத்தில் உருவானது. அங்கே இதற்கு ஒரு வழக்கம் உண்டு: பேசும் நேரத்தில் பதவி வித்தியாசம் கிடையாது. உங்கள் தவறை நீங்களே முதலில் சொன்னால் மற்றவர்களுக்கு வாய் வரும்.

தவறு நடந்தால் பழி யாருக்கு, நன்றாக நடந்தால் பெயர் யாருக்கு என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அப்துல் கலாம் பல மேடைகளில் சொன்ன சம்பவம் பலருக்கும் தெரிந்திருக்கும். 1979 ஆகஸ்ட் 10இல் எஸ்எல்வி-3 ராக்கெட் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம்; ஆனால் செய்தியாளர்கள் முன் நின்று பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18இல் வெற்றி வந்தபோது, “நீங்கள் போய்ப் பேசுங்கள்” என்று கலாமை அனுப்பினார். கேட்டுக் கைதட்டுவது சுலபம். நம்முடைய சின்ன வேலையில் அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். தாமதத்துக்கு வருத்தம் தெரிவிக்கும் மின்னஞ்சல் யார் பெயரில் போகிறது? நன்றி சொல்லும் மின்னஞ்சலில் யார் பெயர் முதலில் இருக்கிறது? அந்த இரண்டு மின்னஞ்சல்களையும் எடுத்து வைத்துப் பாருங்கள்.

இடித்துச் சொல்ல ஒருவர்

தனியாகவே கற்றால் நாம் நம்மை மன்னித்துக்கொண்டே போவோம். உங்களிடம் ஆதாயம் எதிர்பார்க்காத, உங்கள் மேல் அக்கறையுள்ள ஒருவரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை சந்தியுங்கள். மூத்தவராக இருக்க வேண்டும் என்றில்லை. “நான் எப்படி நடந்துக்கிறேன்?” என்று பொதுவாகக் கேட்டால் “நல்லாத்தான் இருக்கீங்க” என்ற பதில்தான் வரும். நோட்டில் இருந்து ஒரு பதிவைப் படித்துக் காட்டி, “இந்த இடத்துல நான் எதைப் பார்க்காம விட்டேன்?” என்று கேளுங்கள். பதிலுக்கு விளக்கம் கொடுக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் அடுத்த முறை அவர் பாதிதான் சொல்வார்.

வருடத்துக்கு ஒரு நாள்

வாரத்துக்கு இரண்டு பதிவு, வருடத்துக்கு இரண்டு வாழ்க்கை, ஒரு விபத்து அறிக்கை. இதற்கு மேல் திட்டம் போட்டால் மார்ச் மாதம் நின்றுவிடும். நடுவில் விட்டுப்போனால் பழையதை நிரப்ப உட்காராதீர்கள். அன்றைய தேதியைப் போட்டு அன்றிலிருந்து எழுதுங்கள். என் நோட்டுகளில் எட்டு மாத இடைவெளிகூட உண்டு.

வருடத்தில் ஒரு நாள் முழு நோட்டையும் படிப்பேன். நான் முன்கூட்டி எழுதியது சரியாக வந்த இடங்கள், தவறாகப் போன இடங்கள், இன்னும் விளங்காத இடங்கள் என்று ஓரத்தில் மூன்று விதமாகக் குறி போடுவேன். மூன்றாவது வகையை எல்லாம் அடுத்த நோட்டின் முதல் பக்கத்தில் கேள்விகளாக எழுதிக்கொள்வேன். அந்த வருடத்துக்கான படிப்பு அதிலிருந்துதான் கிளம்பும். இந்த முறை பதினொரு கேள்விகள். அதில் ஒன்று நோட்டுக்கு நோட்டு மாறி வந்துகொண்டே இருக்கிறது: அந்த மூத்தவர் அன்று சிரித்துக்கொண்டே சொன்னாரே, அதற்கு முன் எத்தனை முறை சொல்ல வந்து சொல்லாமல் திரும்பியிருப்பார்?